வெள்ளிக்கிழமை நாலு மணி

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் லேப் அக்கா. தலைமை ஆசிரியைக்கும் அப்படித்தான், நேற்று ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கும் அப்படித்தான். சம்பளப் பட்டியலில் 'ஆய்வக உதவியாளர்' என்ற பதவிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. மாதாமாதம் அதை எழுதுகிறவன் நான், பள்ளி அலுவலகத்தின் கிளார்க். எழுதும்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பெயரை எழுதுகிற மாதிரிதான் இருக்கும்.

இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஆனாலும் அக்கா தினமும் காலையில் ஆய்வகத்தைத் திறந்து, யாரும் தொடாத கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். லென்ஸ்களைப் பழைய பனியன் துணியால் துடைப்பார்.

"யாருக்கு அக்கா இதெல்லாம்?" என்று கேட்டால், "நீங்க எழுதுற ஃபைல யாரு படிக்கிறாங்க கிளார்க் சார்? அவங்களுக்குத்தான்" என்பார். அந்த 'சார்' மரியாதை இல்லை, சுத்தக் கிண்டல். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அக்காவிடம் மட்டும் என் வாய் எடுபடாது.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அதிவேக இணைய இணைப்பு, ஆசிரியர் இல்லாத பாடங்களுக்கு இணைய வகுப்பு என்று சட்டசபையில் மேஜையைத் தட்டி நிறைவேற்றினார்கள். நாற்பத்திரண்டு பக்கம். எங்கள் பள்ளியில் அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் நான். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். மூன்றே மாதத்தில் தெருவைத் தோண்டிக் கேபிள் போட்டார்கள், ஆய்வகச் சுவரில் துளை போட்டு அதை உள்ளே இழுத்தார்கள். குவளைகள் இருந்த மேஜைகளில் பத்து கணினிகள் வந்து உட்கார்ந்தன. குவளைகளை அலமாரியில் ஏற்றிய அன்று அக்காவுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

சட்டத்தோடு வந்த விதிகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். வகுப்பு நடக்கும்போது அறையில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அது அக்கா. பிள்ளை எத்தனை வகுப்புக்கு வந்தது, வாரத் தேர்வில் எவ்வளவு வாங்கியது என்ற விவரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெற்றோரின் செல்போனுக்குத் தானாகவே போய்விடும். கடைசி விதிதான் கழுத்தை அறுத்தது. ஒரு பாடத்துக்குப் பத்துப் பேர் இருந்தால்தான் வகுப்பு நடக்கும். முதல் மாதம் முடிந்த பிறகு புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. நடுவில் ஒருவர் குறைந்தாலும் வகுப்பு ரத்து. பத்து என்ற எண்ணை யார் எந்த அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளியின் கடைசி வகுப்பில் இயற்பியல் எடுக்க வந்தவர்கள் சரியாகப் பத்துப் பேர்.

பத்தாவது கணினி ஜன்னலோரம். அதில் உட்கார்ந்த பெண்ணுக்குப் பட்டப்பெயர் கேள்விக்காரி. எங்கோ தொலைவிலிருந்து பதினைந்து பள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்தும் டீச்சருக்குப் பிள்ளைகளின் முகம் தெரியாது. பள்ளியின் பெயரும் கணினியின் எண்ணும், அவர்கள் தட்டச்சு செய்வதும் மட்டும்தான் திரையில் தெரியும். "பத்து, உன் கேள்விய இன்னும் காணோமே?" என்று பாடத்துக்கு நடுவில் சிரிப்பார். உடனே கேள்வி போகும். ஐஸ் ஏன் மிதக்கிறது, சாயங்கால வானம் ஏன் சிவக்கிறது, வெளிச்சத்துக்கு எடை உண்டா. "போதும்டி, அந்த டீச்சரம்மா தண்ணி குடிக்கட்டும்" என்று அக்கா பின்னாலிருந்து அதட்டுவார். வாரத் தேர்வில் அவளுக்கு இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பது.

அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வீட்டில் அவர்கள் இருவர்தான். ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை இரவு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். அம்மா துவைத்து மடித்துக் கொடுத்த விரிப்பின் மேலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் பதிவேட்டைக் கணினியில் திறந்தேன். பெயரை நீக்குவது என் வேலை. அக்கா வந்து மேஜை ஓரத்தில் நின்றார். கண் வீங்கியிருந்தது.

"இப்ப எடுத்தா என்ன ஆகும்?"

"இன்னிக்கே வகுப்பு நின்னுடும்."

"மத்த ஒம்பது பேரு?"

"வேற ஏதாவது பாடத்துக்கு மாறணும். இயற்பியல் இல்லாம நர்சிங்கும் கிடையாது, டெக்னிகலும் கிடையாது."

அக்கா குனிந்து திரையில் இருந்த அவள் பெயரைப் பார்த்தார். "அப்ப கொஞ்சம் பொறுங்க சார்" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன 'சார்' கிண்டல் இல்லை.

நான் பொறுத்தேன். பதிவேட்டை மூடிவிட்டேன். தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னபோது, "நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல, எனக்கு எதுவும் கேக்கல" என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அன்று முதல் பத்தாவது கணினியில் அக்கா உட்கார்ந்தார். பிள்ளைகளின் கடவுச்சொல்லெல்லாம் அவர் நோட்டில் இருந்தது. ஒன்பது பிள்ளைகளும் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். அந்தத் தப்பைப் பிள்ளைகளுக்கு முன்னால் செய்தோமே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

"பத்து, இப்பல்லாம் ஏன் கேள்வியே வரல? உடம்பு சரியில்லையா?" என்று திரையில் டீச்சர் கேட்டார். அக்கா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி 'ஆமாம் டீச்சர்' என்று அடித்தார். அன்று மதியம் கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப் போனார்.

வாரத் தேர்வையும் விட முடியாது. இரண்டு வாரம் எழுதாவிட்டால் பெயர் தானாக விழுந்துவிடும். அக்கா படித்தது பத்தாவதோடு சரி, அதுவும் முப்பது வருஷத்துக்கு முன்னால். குத்துமதிப்பாக டிக் அடித்தார். இருபதுக்கு நாலு வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைச் செய்தி எங்கள் இருவருக்கும் நினைவே வரவில்லை. நாற்பத்திரண்டு பக்கத்தையும் கரைத்துக் குடித்தவன் என்று பீற்றிக்கொண்ட நான் அதை மறந்தேன் பாருங்கள், அதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை கேள்விக்காரியின் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். கை விரல்கள் சலவை சோடாவில் வெளுத்திருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செல்போனை என் மேஜை மேல் வைத்தார்.

'தங்கள் மகள் இந்த வாரம் இயற்பியல் வகுப்புகள் ஐந்திற்கும் வருகை தந்தார். தேர்வு மதிப்பெண் 4/20.'

அக்காவைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். அவர் வந்து செய்தியைப் படித்தார். பிறகு ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மொத வாரம் மிஷின் தப்பா அனுப்புதுன்னு நெனச்சேன்" என்றார். "ரெண்டாவது வெள்ளிக்கெழம நாலு மணிக்கு நானே போன கையில வச்சுக்கிட்டு நின்னேன். வந்துச்சு. வரட்டும்னுதான் இருந்துச்சு. ஆனா மார்க்கப் பாத்தா மனசு ஆறல. நாலு, அப்பறம் மறுபடியும் நாலு. எம் பொண்ணு நாலு மார்க் வாங்குறவளா சார்?"

"இப்பவே நிறுத்திடறோம்மா" என்றேன்.

"நிறுத்துனா அந்தப் புள்ளைங்க?"

அந்த அம்மா போனை எடுத்து முந்தானையில் துடைத்தார். அக்காவைப் பார்த்துச் சொன்னார். "அப்ப நடக்கட்டும். ஆனா அவ பேர்ல நாலு போடாதீங்க அக்கா. படிச்சிட்டு எழுதுங்க."

அவர் போன பிறகு அக்கா ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கையில் பழைய இயற்பியல் புத்தகம் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் அக்காவின் படிப்பு நேரமாக மாறியது. ஒன்பது பிள்ளைகளும் முறை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சோடாபுட்டி என்று நாங்கள் கூப்பிடும் பையன்தான் ரொம்பக் கண்டிப்பு. "அக்கா, நேத்தும் இதே தப்புதான் பண்ணீங்க" என்று அலுத்துக்கொள்வான். "உங்கப்பா ரேஷன் கடைக்குக் கணக்குப் போடுற மாதிரி பேசாதடா, மறுபடி சொல்லு" என்பார் அக்கா. நாலு ஆறானது, ஆறு ஒன்பதானது. அலமாரியில் ஏற்றிய லென்ஸ்களை இறக்கி ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். அத்தனை வருஷம் துடைத்த சாமானுக்கு என்ன வேலை என்று அப்போதுதான் தனக்குத் தெரிந்தது என்றார்.

ஒரு வாரம் மதிப்பெண் ஏழாக இறங்கியது. அடுத்த நாள் பேருந்தில் அக்கா அந்த அம்மாவைப் பார்த்திருக்கிறார்.

"இந்த வாரம் ஏழு" என்றாராம் அந்த அம்மா.

"மின்சாரப் பாடம். தலையில ஏறவே மாட்டேங்குது."

"அவளுக்கும் அது வராது. பொஸ்தகத்தத் தூக்கி எறிவா." சொல்லிவிட்டுச் சிரித்தாராம். பெண் போன பிறகு அவர் சிரித்து அக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை.

வருஷ முடிவில் ஒருநாள் அக்கா தானாக ஒரு கேள்வி அடித்தார். கிணற்றில் விழுந்த கல்லின் சத்தம் ஏன் கொஞ்சம் கழித்துக் கேட்கிறது என்று. "அட, பத்து திரும்ப வந்தாச்சு!" என்று திரையில் டீச்சர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். அக்கா எழுந்து தாழ்வாரத்துக்கு வந்து, தூணில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒன்பது பேரும் பொதுத்தேர்வு எழுதினார்கள். தேர்வு முடிந்த மறுநாள்தான் அடுத்த கண்டம். தேர்வுக்கு வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே கணினி தானாக 'இடைநிற்றல்' என்று போட்டு, அந்த வெள்ளிக்கிழமை பெற்றோருக்குச் செய்தி அனுப்பிவிடும். நான் அக்காவிடம், "அப்படியே விட்டுடலாம் அக்கா. யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லாம் சுமுகமா முடிஞ்சிடும்" என்றேன்.

"படிப்ப விட்டவன்னு அவ பேருக்கு நேரா எழுதுவீங்களா?"

"உண்மையான தேதியப் போட்டா எட்டு மாசமா யாரு உக்காந்தாங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"இந்தப் புள்ளைங்க பரீட்சை செல்லாதுன்னு சொல்லிட்டா?"

அதற்கு மட்டும் அக்கா பயந்தார். நான் நாற்பத்திரண்டு பக்கத்தையும் மறுபடி எடுத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை வரி வரியாகப் படித்தேன். வகுப்பு ரத்தாவதைப் பற்றி இருந்தது. எழுதி முடித்த தேர்வைத் தொடுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொன்னதும் அக்கா பேனாவை வாங்கினார். தான் செய்ததை மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்றரைப் பக்கத்தில் எழுதினார். கீழே, 'கிளார்க்குக்கு இதில் சம்பந்தம் இல்லை' என்று ஒரு வரி. அதை நான் அடித்துவிட்டு என் கையெழுத்தையும் போட்டேன்.

பெயரை நீக்கும் பக்கத்தில் காரணத்துக்கு ஒரு பட்டியல் இருந்தது. மாற்றுச் சான்றிதழ், இடைநிற்றல், நீண்ட விடுப்பு, பிற. பிள்ளைகள் செத்தும் போவார்கள் என்று எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை. 'பிற' என்பதைத் தொட்டு, பக்கத்துக் கட்டத்தில் 'காலமானார்' என்று அடித்து, உண்மையான தேதியைப் போட்டேன். அன்று வியாழக்கிழமை.

"நாளைக்கு நாலு மணிக்கு அது அவங்க போனுக்குப் போகும்ல?" என்றார் அக்கா. "தனியா நின்னு படிக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை இருவரும் சலவைக்கூடத்துக்குப் போனோம். நீராவியும் சோப்பு வாசனையும் அடிக்கிற நீளமான அறை. அந்த அம்மா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனை பிடிக்கிறவள் அன்று வரவில்லை என்று தாடையால் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தார். அக்கா பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் மறுமுனையைப் பிடித்தார். என்ன வரப்போகிறது என்று மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா தலையை ஆட்டினார். இரண்டு பேரும் இழுத்து, உதறி, கிட்டே வந்து, மடித்தார்கள்.

நாலு மணிக்குப் போன் சத்தம் போட்டது. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

பிறகு விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். எட்டு மாதச் செய்தி. பதினாறு, பதினைந்து, பன்னிரண்டு, ஏழு, ஒன்பது, ஆறு, நாலு, நாலு. ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே போய் நிறுத்தி, போனை அக்காவின் பக்கம் திருப்பினார். அங்கே ஆறு செய்திகள். பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு.

"இந்த ஆறு எம் பொண்ணு" என்றார். "அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் நீங்க. ரெண்டையும் நான் ஒண்ணாக் கலக்கவே இல்ல அக்கா."

அக்கா குனிந்து அந்த ஆறையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

விசாரணை வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அக்காவை மாவட்ட அலுவலகத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். ஒன்பது பேரில் ஏழு பேர் தேறினார்கள், சோடாபுட்டிதான் முதல். இரண்டு பேர் மறுபடி எழுதுகிறார்கள். அடுத்த வருஷம் இயற்பியலுக்குப் பதினாலு பேர் சேர்ந்தார்கள், இன்னும் நாலு கணினி வந்தது. பத்து என்ற விதி அப்படியே இருக்கிறது. பத்தாவது கணினியில் யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று சலவைக்கூடத்தில் கூடையில் இன்னும் விரிப்புகள் மிச்சம் இருந்தன. அந்த அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுத்தார். ஒரு முனையை அக்காவிடம் நீட்டினார்.

"அடுத்த வெள்ளிக்கெழம ஒண்ணும் வராதுல்ல?" என்று கேட்டார்.

"வராது" என்றார் அக்கா. "நான் வரேன். நாலு மணிக்கு."