வீட்டுப் பள்ளியின் முதலாம் பிள்ளை

வார நாளில், முற்பகல் வேளையில், ஒரு பிள்ளையோடு டெய்ரிக்குள் நுழைந்தால் ஒக்லாந்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். டெய்ரி என்றால் இங்கே பால்பண்ணை அல்ல. பாணும் பாலும் விற்கும் தெருமுனைக் கடை. லின்ஃபீல்டில் எங்கள் தெருக் கடையில் வரிசையில் முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண் என் மகள் ஆதிரையிடம் குனிந்து, “நோ ஸ்கூல் டுடே?” என்றாள். வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறோம் என்றேன். “லக்கி கேர்ள்!” என்றவள், நாள் முழுக்கக் கடற்கரையில்தான் இருப்பீர்கள் போல என்று சிரித்தாள். நான் திருத்தவில்லை. அந்த நாட்களில் அது ஏறக்குறைய உண்மை.

ஆதிரைக்கு அப்போது ஏழு வயது. பள்ளியில் குறை ஒன்றுமில்லை. மணி அடித்த பிறகும் அவளுடைய கேள்விகள் நிற்கவில்லை, அவ்வளவுதான். மனைவி சுதாவுக்கு மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை. நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பவன். அரசிடம் அனுமதி பெற்று ஆதிரையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டோம். கடல் வற்றும் நேரத்தில் சேற்றுக் கரைக்குப் போவோம். “கடல் திரும்பி வருமெண்டு நண்டுக்கு ஆர் சொன்னது, அப்பா?” என்பாள். எனக்குத் தெரியாது. இருவருமாக நூலகத்தில் தேடுவோம். நண்டுகளைப் பற்றி எழுதி எழுதித்தான் அவள் தமிழ் எழுத்துப் பழகினாள். ஊரில் பத்திரிகையில் இருந்தபோது மந்திரிகளைக் கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு நல்ல கேள்வி ஒன்றைக் கேட்ட நினைவில்லை.

சுதாவின் அண்ணர் யாழ்ப்பாணத்தில் டியூட்டரி என்னும் தனியார் வகுப்பில் ஆசிரியர். ஞாயிறுதோறும் வாட்ஸப்பில் முகம் காட்டுவார்.

“என்ன மருமோள், வகுப்பில எத்தினையாம் பிள்ளை?”

“முதலாம் பிள்ளை, மாமா. கடைசிப் பிள்ளையும் நான்தான்.”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

“பகிடி கிடக்கட்டும், தங்கச்சி. பள்ளிக்கூடமுமில்லை, சோதினையுமில்லை. மாடு மேய்க்கவே இந்தப் பிள்ளையை அங்க வளர்க்கிறியள்?”

டெய்ரிப் பெண் பொறாமையோடு சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அவள் சொன்னதை வீட்டுக்கு வருமுன் மறந்துவிட்டோம். அவர் சொன்னது வாரம் முழுக்க வீட்டுக்குள் இருந்தது. இந்த நாட்டின் குடியுரிமை பெற்றுவிட்டோம். எங்கள் பிள்ளை கெட்டிக்காரி என்று சொல்ல வேண்டியவர்கள் இன்னும் யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்கள்.

இலங்கையின் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் பழைய வினாத்தாள்களை அண்ணர் அனுப்பினார். ஆதிரை ஒருநாளும் எழுதப்போகாத பரீட்சை அது. “ஒண்டு ரெண்டு செய்யட்டும், அண்ணையின்ர வாய் அடங்கும்” என்றாள் சுதா. நானும் தலையாட்டினேன். புள்ளிகள் ஏறின. அண்ணர் ஊரெல்லாம் சொன்னார். சுதா கோயிலில் சொன்னாள். வாரத்துக்கு ஒன்றாக இருந்த வினாத்தாள் நாளுக்கு ஒன்றானது.

ஒரு பின்னேரம் சேற்றில் முட்டைகளை வயிற்றில் சுமந்த நண்டொன்றைக் கண்டு ஆதிரையைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள்.

“இது சோதினையில வருமா, அப்பா?”

“வராது.”

“அப்ப வீட்டை போவம்.”

அன்றிரவு சுதாவும் நானும் பேசி வினாத்தாள்களை நிறுத்தினோம். ஆதிரை மாமாவிடம் நேரே கேட்டு வாங்கிக்கொண்டாள். பறித்து வைத்தால் அழுதாள். நேற்றும் ஒன்று செய்தாள்; நான் பக்கத்தில் இருந்தேன். ‘எமது பிரதேசத்தில் அதிக மழை கிடைக்கும் காலம் எது?’ என்றொரு வினா. வெளியே டிசம்பர் கோடை. பொஹுட்டுகாவா மரம் சிவப்பாய்ப் பூத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குழாய்த் தண்ணீரை ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பிரதேசம் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். சன்னல் வெயில் தாளில் விழுந்து கண்ணைக் கூச வைத்தது. அவள் தாளைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தி, ‘கார்த்திகை, மார்கழி’ என்பதன் கீழ்க் கோடிட்டு, அடுத்த வினாவுக்குப் போனாள். விடை சரி. நான் சரி போட்டேன்.