மார்கழியில் கல்யாண வேன்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது என் வீட்டுக்காரரின் பாதம். கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை. மூங்கில்துறைப்பட்டில் எங்கள் தெருக் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியிருந்தது. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து இரண்டாம் வருடம். செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ். என் அலுவலகமும் அங்கேதான். அதனால் வேனில் என்னோடு வருவார், மருத்துவமனையில் இறங்கிக்கொள்வார், மாலையில் என்னோடு திரும்புவார். போன வெள்ளிக்கிழமை போக முடியவில்லை. சாலை போட நிலம் எடுப்பதை எதிர்த்து அன்றுதான் கள்ளக்குறிச்சியில் போராட்டம் ஆரம்பித்தது. பேருந்துகள் நின்றுவிட்டன. இந்தச் செவ்வாயும் தவறினால் உடம்பில் தேங்கும் நீர் நுரையீரலுக்கு ஏறிவிடும் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

மாரியம்மாவை நம்பி இருப்பவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாளிதழின் வட்டார அலுவலகத்தில் செய்தி திருத்தும் வேலை பார்த்தவள் நான். கூட்டிச் சொல்லிப் பழக்கம் இல்லை.

எங்கள் பக்கத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒரு வேன் வைத்திருக்கிறோம். ஓட்டுநர் செல்வம். அவருக்கு ஒரு விதி உண்டு. ஆறு தலை இருந்தால்தான் வண்டி எடுப்பார். அன்று அந்த ஆறு தலையைச் சேர்ப்பதுதான் என் பாடு.

முதல் நாள் இரவே அதிகாரியிடமிருந்து எல்லோருடைய போனுக்கும் செய்தி வந்திருந்தது. 'அலுவலகம் வழக்கம்போல் இயங்கும். பணியாளர்கள் தங்கள் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு முடிவெடுக்கவும்.' இதற்கு என்ன பொருள்? வா என்கிறாரா, வராதே என்கிறாரா? நான் திருத்தும் மேசையில் இருந்திருந்தால் இந்த வாக்கியத்தை அடித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஒவ்வொருவராக அழைத்தேன். மகேஸ்வரி, மற்றவர்கள் வந்தால் தானும் வருவதாகச் சொன்னாள். மற்றவர்கள் மகேஸ்வரி வந்தால் வருவதாகச் சொன்னார்கள். ஒருவர் டிவி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். டிவியில் சென்னை மழையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இப்போது மூச்சுத் திணறுகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். திணறினால் கூப்பிடுங்கள் என்றார்கள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு எல்லாரையும் தொல்ல பண்ணிக்கினு கீற, வசந்தி? அடுத்த வெள்ளிக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

பேசி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

கடைசியில் முடிவெடுத்தவர் எங்கள் அலுவலகத்தின் மூத்த எழுத்தர் தணிகாசலம் சார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஊரில் நடந்த எல்லா மறியலையும் பார்த்தவர் என்பது அவருடைய பெருமை. அவர் அழைத்துச் சொன்னதும் எல்லோரும் வந்தார்கள். அவரையும் சேர்த்து எட்டுப் பேர். வாசலுக்கு வந்தவர் கையில் இரண்டு வாழைக்கன்றும் ஒரு முழச் சாமந்திச் சரமும் இருந்தன.

எந்த மறியலிலும் இரண்டு வண்டியைத்தான் விடுவார்கள், ஒன்று சாவு வண்டி, இன்னொன்று கல்யாண வண்டி என்று விளக்கினார். உடம்பு சரியில்லாதவரை வைத்துக்கொண்டு முதலாவதைச் சொல்ல வாய் வருமா? ஆகவே கல்யாணம்.

"நோயாளி இருக்காருன்னே சொல்லலாமே சார்?" என்றேன்.

"எல்லா வண்டிக்காரனும் அதத்தாம்மா சொல்றான். நாலு நாளா கேட்டுக் கேட்டு அவனுங்களுக்குக் காது புளிச்சிருக்கும். சொன்னதக் கேளு."

செல்வம் வாழைக்கன்றுகளை வேனின் இரண்டு பக்கமும் கட்டினார். தணிகாசலம் சார் சரத்தைக் கண்ணாடிக்கு மேலே தொங்கவிட்டார். மாப்பிள்ளையின் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள என் வீட்டுக்காரருக்குப் பட்டு வேட்டி கட்டினோம். தெருவில் ஒலிபெருக்கி மார்கழிப் பாட்டைப் பாடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் பட்டம் படித்தவர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வழியில் இரண்டு இடத்தில் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். வாழையைப் பார்த்ததும் விலக்கி விட்டார்கள். தணிகாசலம் சார் திரும்பி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். சங்கராபுரம் தாண்டி ஒரு கூட்டுரோட்டில் பெரிய கூட்டம். டயர் எரிந்துகொண்டிருந்தது. மேற்கே கல்வராயன் மலை புகைக்குப் பின்னால் பாதிதான் தெரிந்தது. சாலை நடுவில் சாக்கு விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு வயதான அம்மா எழுந்து வந்து வேனைச் சுற்றிப் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"எங்க அக்கா மகனுக்குமா. கள்ளக்குறிச்சி மண்டபத்துல. பட்டு வேட்டியில உக்காந்திருக்கறவரு மாப்ளைக்கு அண்ணன்" என்றார் தணிகாசலம் சார்.

"மார்கழி மாசத்துல எவன்யா கல்யாணம் வச்சான்?"

செல்வம் இன்ஜினை நிறுத்தினார். அந்த அம்மா ஜன்னல் வழியாக மகேஸ்வரியைப் பார்த்தார். அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"பொண்ணு தோழி ஆபீஸ் அட்டயும் டிபன் டப்பாவுமா வந்துகீது பாரு" என்றார். கூட்டம் சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் இளைஞர்கள் நான்கு சக்கரத்திலும் காற்றை இறக்கிவிட்டார்கள். வாழைக்கன்றைப் பிடுங்கிச் சாலையோரம் எறிந்தார்கள். நான் இறங்கி, உள்ளே இருப்பவர் டயாலிசிஸ் நோயாளி, இன்று போகாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

"இப்பதான் மாப்ளைக்கு அண்ணன்னீங்க. அதுக்குள்ள ஆஸ்பத்திரியா? இன்னும் இன்னா இன்னா கீது கையில?" என்றான் ஒருவன்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அவன் இடத்தில் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

வேனுக்குள் அவரால் சாய முடியவில்லை. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதட்டோரம் நிறம் மாறியிருந்தது. ஆம்புலன்ஸை மறுபடி கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை. தணிகாசலம் சார், யாரோ தலைவரை அழைத்துப் பேசப்போவதாகச் சொல்லிக்கொண்டு எண் தேடினார். மகேஸ்வரி, காலையிலேயே தனக்கு மனசு சரியில்லை என்றாள். பின்னால் இருந்த ஒருவர், டிவியைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம் என்றார்.

நான் சாலையோர வேப்பமரத்தடிக்குப் போனேன். அங்கே கோயில் இல்லை, சூலம் இல்லை, மரம் மட்டும்தான். எனக்குப் பக்தி வரவில்லை. கோபம்தான் வந்தது. மறியலில் நின்றதிலிருந்து மாரியம்மாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. ரோட்டைத் திறந்துவிடு. அதற்கு முன் கேட்டது, ஆறு பேரைக் கொடு. அதற்கும் முன் கேட்டது, போராட்டம் நிற்கட்டும். அதிகாரி எங்களுக்கு உத்தரவு போடுவதுபோல நான் அவளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "தாயே, எப்படின்னு இனிமே நான் சொல்ல மாட்டேன். அவர உன் கையில குடுத்துட்டேன். எந்த வழின்னு நீயே பாத்துக்க." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. தேங்காய் இல்லை, சூடம் இல்லை.

திரும்பி வரும்போது, எங்கள் வேனுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஆலையில் கரும்பை இறக்கிவிட்டுக் காலி டிரெய்லரோடு வயலுக்குத் திரும்பும் வண்டி. அந்த மறியலில் கரும்பு வண்டிக்கு மட்டும் தடை இல்லை. மறியலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கரும்பு போட்டவர்கள். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை போய்விடும். அதனால் கரும்பு டிராக்டரைக் கண்டால் அவர்களே கிளையை இழுத்து வழிவிட்டார்கள். இப்போது வழியை மறித்து நின்றது எங்கள் வேன்தான்.

டிராக்டர்காரர் இறங்கித் திட்டிக்கொண்டே வந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தவர் திட்டுவதை நிறுத்தினார். கம்பியைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரரின் இடது கையில் சட்டை மேலேறியிருந்தது. டயாலிசிஸுக்காக அறுவை செய்து ரத்தக்குழாய்களை இணைத்த கை அது. முழங்கைக்குக் கீழே கயிறு போலப் புடைத்திருக்கும். டிராக்டர்காரர் அந்தப் புடைப்பின் மேல் இரண்டு விரலை வைத்தார். இப்படி ஒரு நோயாளி இருந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் அங்கே விரல் வைக்கத் தெரியும்.

"ஓடிக்கினு கீது" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பெரியம்மா, இங்க வா. இது பொய் இல்ல. எங்க அண்ணனுக்கு இருந்த அதே கை. தொட்டுப் பாரு."

அந்த அம்மா வந்தார். விரலை வைத்தார். உள்ளே ரத்தம் அதிர்ந்து ஓடுவது விரலுக்குத் தெரியும். சட்டென்று கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு தணிகாசலம் சாரிடம் திரும்பினார்.

"ஏன்யா, இத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? நாங்க இன்னா மனுசங்க இல்லியா?"

தணிகாசலம் சார் தலைவரின் எண் தேடிக்கொண்டிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டார்.

காற்றை இறக்கிய பையன்களே என் வீட்டுக்காரரைத் தூக்கி டிரெய்லரில் ஏற்றினார்கள். கரும்பின் காய்ந்த இலைச் சோகை பரவிக் கிடந்தது. அதன் மேல் அந்த அம்மா தன் சாக்கைப் போட்டார். படுக்க முடியாதவருக்கு முதுகுக்கு ஏதாவது வேண்டும். தணிகாசலம் சார் முதல் ஆளாக ஏறி, காலை நீட்டி உட்கார்ந்து, அவரைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். பையன்கள் ஓரம் தள்ளிவிட்ட வேனோடு செல்வம் நின்றுகொண்டார். மற்றவர்களும் எங்களோடு ஏறினார்கள். யாரும் யாரையும் வருகிறீர்களா என்று கேட்கவில்லை.

டிராக்டர்காரர் பெயர் கோவிந்தன். பெரிய சாலையை விட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வண்டிப்பாதையில் இறங்கினார். அந்தப் பாதையில் மறியல் இல்லை. பள்ளம் வந்தால் முன்கூட்டியே குரல் கொடுத்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு திருப்பத்தில் கேட்டேன்.

"போன ஆடியில போயிட்டாரு, யக்கா" என்றார்.

நண்பகலுக்கு முன் மருத்துவமனை வாசலில் இறங்கினோம். பட்டு வேட்டியோடுதான் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். டயாலிசிஸ் இயந்திரத்தை இயக்கும் பையன், போராட்டத்தால் வீட்டுக்குப் போக முடியாமல் இரண்டு நாளாக அங்கேயே தங்கியிருந்தான். இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய தோள் இறங்கியது. சாய்ந்து படுத்தார். பிறகு தூங்கினார். நான் அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்துக்கு மாலையில் எட்டிப் பார்த்தேன். எனக்கு அரை நாள் விடுப்பு எழுதியிருந்தார்கள். வழக்கம்போல் இயங்கும் என்று செய்தி அனுப்பிய அதிகாரி அன்று வரவில்லை.

ஆறு பேரைத் தவிர, நான் கேட்ட எதையும் மாரியம்மா தரவில்லை. ரோடு திறக்கவில்லை. போராட்டம் நிற்கவில்லை. எங்கள் தந்திரம் பலிக்கவும் இல்லை. வேன் அங்கே சிக்காமல் போயிருந்தால், அடுத்த தடுப்பில் எந்தக் கை வந்து அந்தப் புடைப்பைத் தொட்டிருக்கும்? வழியை மறித்து நின்ற எங்கள் வேனையே அவள் வழியாக்கினாள். அன்று முதல் நான் அவளுக்கு யோசனை சொல்வதில்லை. கஷ்டத்தை மட்டும் சொல்கிறேன். சொல்லிவிட்டு எழுந்து என் வேலையைப் பார்க்கிறேன். கோபம் இப்போதும் வருகிறது. அதையும் அவளிடமே சொல்கிறேன். செவ்வாய்தோறும் அந்தக் கூட்டுரோட்டு வேப்பமரத்தைத் தாண்டும்போது வேன் மெதுவாகப் போகும். நான் சொல்லாமலே செல்வம் மெதுவாகப் போவார்.

இதைப் படிக்கிற யாருக்காவது இன்று எல்லா வழியும் அடைத்திருக்கலாம். ஆளுக்கொரு யோசனை சொல்லி உங்கள் தலையை உருட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லுங்கள். எந்த வழி என்று மட்டும் சொல்லாதீர்கள். அவளுக்குத் தெரிந்த பாதை நமக்குத் தெரியாது.

நேற்று வெள்ளிக்கிழமை. மறுபடி மறியல் என்றார்கள். காலையில் வேனில் எட்டுப் பேரும் இருந்தார்கள்.