ஒன்றரைச் சுற்று

பேய் என்றதும் நள்ளிரவு, நாய் ஊளை என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் 3.10-க்கு ஆரம்பித்து 3.22-க்கு முடிந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம்.

நான் கார் மெக்கானிக். பட்டறை என் அக்கா புருஷனுடையது. இருபத்தாறு வருடமாக அவரோடுதான் குப்பை கொட்டுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நர்ஸம்மா தன் பழைய காரைக் கொண்டுவந்தார். ரொம்பக் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கீழே சாய்த்துவைத்துத்தான் ஓட்டுவார். சிக்னலில் நின்றால் என்ஜின் அணைந்துவிடுகிறது என்றார். ஓட்டிப் பார்த்ததுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும், என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடியை அது முழுதாக விடவில்லை. அதுதான் என்ஜினை இழுத்துப் பிடித்து அணைக்கிறது. பிரித்துச் சரிசெய்ய ஒரு நாள் வேலை.

"ஐடிலை ஏத்தி அனுப்பு மாப்ள. அணையாதுல்ல, அது போதும்," என்றார் மச்சான்.

ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் தானாகச் சுற்றும் வேகம்தான் ஐடில். அதற்கென்று ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. ஒன்றரைச் சுற்று திருகினேன். நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றில் இருந்த மீட்டர் முள் ஆயிரத்து எழுநூறுக்குப் போனது. அரை நிமிடத்தில் முடிந்தது. ஆனால் விடாத கிளட்ச்சோடு ஐடிலையும் ஏற்றினால் கியர் விழாது, பல்லோடு பல் உரசும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி முன்னால் தள்ளும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கே இது தெரியும். எனக்குத் தெரியாதா?

மறுநாளே அவர் வந்து நின்றார். "கியர் மாத்தினா கரகரங்குது. இறக்கத்துல வண்டி புடிச்சுத் தள்ளுது தம்பி."

மச்சான் டீயை உறிஞ்சிக்கொண்டே எனக்குக் கண்ணடித்தார். நான் சொன்னேன், "வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலை."

அதே வாரம், ஆஸ்பத்திரி இறக்கத்தில், மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றப் போயிருக்கிறார். எதுவும் விழவில்லை. கியரோடு மல்லுக்கட்டியதில் பிரேக்குக்குக் கால் தாமதமாகத்தான் போயிருக்கிறது. முன்னால் நின்ற லாரியில் போய்ச் சொருகினார். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. மதியம் 3.22 என்று போலீஸ் எழுதியது.

"ஓட்டத் தெரியாத அம்மா சார்," என்றார் மச்சான் அவர்களிடம். நான் தலையாட்டினேன். ஓட்டியவர் தவறு என்று முடித்துவிட்டார்கள். பாவி, அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அடிபட்ட வண்டிகளை வாங்கித் தேற்றி விற்பது மச்சானின் பழக்கம். ஏழு மாதம் கழித்து, பழைய இரும்புக் கடையிலிருந்து அதே வண்டியை இழுத்துவந்தார். இந்த வண்டி வேண்டாம் மச்சான் என்றேன்.

"செத்தவங்க வந்து கியர் போடப்போறாங்களா? வேலையைப் பாரு."

முகப்பை மாற்றினோம். கிளட்ச்சை இந்த முறை ஒழுங்காகச் செய்தேன்.

மணி 3.10. ஸ்டார்ட் செய்தேன். முள் ஆயிரத்து எழுநூறில் நின்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒன்றரைச் சுற்று குறைத்தேன். எண்ணூறு. உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட்டை யாரோ முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்கள். பின்னால் தள்ளினேன். கண்ணாடி கீழே சாய்ந்திருந்தது. நிமிர்த்தினேன்.

3.14. முள் மறுபடி ஆயிரத்து எழுநூறு. இறங்கிக் குறைத்தேன். திரும்பி வந்தால்... சீட் முன்னால். கண்ணாடி கீழே. உள்ளே ஆஸ்பத்திரி மருந்து வாடை.

3.19. மூன்றாவது முறை குறைத்தேன். விரல் ஸ்க்ரூவில் பட்டது. கொதிக்கிற என்ஜினில் அது மட்டும் சில்லென்று இருந்தது.

"என்னடா உருட்டிக்கிட்டு இருக்க? முன்னால எடு." மச்சான் எதிர்ச் சுவரோரம் நின்று கையசைத்தார்.

கிளட்ச்சை மிதித்தேன். முதல் கியர்.

கர்ர்ர்ர்...

விழவில்லை.

கர்ர்ர்ர்...

என் கைமேல் இன்னொரு கை. சின்னக் கை. ஜில்லென்று.

கியர் விழுந்தது.

முள் ஏறியது. ஆயிரத்து எழுநூறு. இரண்டாயிரம். மூவாயிரம்...

என் கால் ஆக்ஸிலேட்டரில் இல்லை. பிரேக்கில் இருந்தது. இரண்டு காலாலும் மிதித்தேன்.

காதோரம், மெதுவாக...

"வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி."

3.22.

வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மச்சான்.

உயிர் பிழைத்துவிட்டார். இரண்டு காலும் நொறுங்கிவிட்டன. பிரேக்கில்தான் கால் இருந்தது என்று போலீஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். பிரேக்கைச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஓட்டியவர் தவறு என்று எழுதினார்கள். இருபத்தாறு வருட மெக்கானிக்குக்கு ஓட்டத் தெரியவில்லையாம். என் அக்காகூட என்னை நம்பவில்லை.

பத்து நாள் கழித்து நர்ஸம்மாவின் கணவர் பட்டறைக்கு வந்தார். லேத்தில் வேலை பார்ப்பவர். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து என் மேசையில் கவிழ்த்தார். ஒரு ஸ்க்ரூ உருண்டு வந்தது.

"அவ செத்த அன்னைக்கே வண்டியில இருந்து கழட்டிட்டேன். எவ்வளவு ஏத்தியிருந்ததுன்னு அளந்தும் வச்சிருக்கேன். நீ ஒத்துக்கிட்டா போதும்."

மூலையில் கிடந்த வண்டியின் பானெட்டைத் திறந்தேன். ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. அதற்குள் பழைய சிலந்திக்கூடு. அந்த ஸ்க்ரூ இல்லாமல் என்ஜின் ஐடிலில் நிற்கவே நிற்காது. அப்படியென்றால் அன்று மூன்று தடவை நான் எதைத் திருகினேன்?

நர்ஸம்மாவுக்கு நன்றாக ஓட்டத் தெரியும், தவறு எங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மச்சான் போட மாட்டேன் என்றுவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் மதியம் 3.10-க்கு அவரிடமிருந்து போன் வருகிறது. "அந்த வண்டியை ஏன்டா ஓட விட்டிருக்க? சத்தம் தாங்கலை. அணைடா."

பட்டறைக்கும் அவர் வீட்டுக்கும் நாலு கிலோமீட்டர். வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி ஒரு வாரம் ஆகிறது.

நேற்றும் போன் வந்தது. திட்டவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மாப்ள... கட்டிலுக்குப் பக்கத்துல யாரோ கியர் போடுறாங்க. இன்னும் விழலை."