பதினெட்டு அக்காவும் இரண்டு கூப்பனும்

அந்தத் தியேட்டரில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் முழிப்பார்கள். பதினெட்டு அக்கா என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். பெரியவர்களுக்கான படம் ஓடும்போதெல்லாம் அரங்க வாசலில் டிக்கெட் கிழிக்க அவளைத்தான் நிறுத்துவார்கள். மீசைக்கு மை தடவிக்கொண்டு வருகிறவன், அம்மாவின் செருப்பைப் போட்டு உயரம் காட்டுகிறவள், ஒருத்தரும் தப்ப முடியாது. “பதினெட்டு ஆச்சா?” என்று அவள் கேட்கிற கேள்வியில் இருபத்தைந்து வயசுக்காரனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

வாசலில்தான் புலி. வீட்டில், மாமியார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழாதா என்று ஏங்குகிற ஆள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது, தலைமேல் இருக்கிற கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது எல்லாம் இவள்தான். ஆனால் கிழவி இவளை எப்படிக் கூப்பிடுவாள் தெரியுமா? “இவளே!” அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற கொழுந்தன் பெண்டாட்டி, அந்தச் சின்னவள், கையை வீசிக்கொண்டு வந்து அரைமணி நேரம் சிரித்துவிட்டுப் போவாள். அவள் மட்டும் “குட்டி”யாம்! அதைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு பற்றி எரியும். பாடுபடுகிறவள் ஒருத்தி, கொஞ்சல் இன்னொருத்திக்கா?

இத்தனைக்கும் சின்னவள் இவளிடம் முகம் சுளித்துப் பேசியதே கிடையாது. அக்கா அக்கா என்று காலைச் சுற்றி வருவாள். அதுதான் இன்னும் எரிச்சல். சண்டைக்காரியாக இருந்து தொலைத்தால் மனசாரத் திட்டவாவது செய்யலாம்!

போன மாதம், நன்றாக வேலை பார்த்தாள் என்று தியேட்டரில் இவளுக்கு இரண்டு இலவச டிக்கெட் கூப்பன் கொடுத்தார்கள். மாமியார் ஒரு சினிமாப் பைத்தியம். முழங்கால் வலி வந்த பிறகு தியேட்டர் பக்கமே போனதில்லை. பக்கத்துப் பக்கத்து சீட், நடுவில் பாப்கார்ன், தானும் அத்தையும் மட்டும். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ரோஷம் வந்து வாயை அடைத்துவிட்டது. நாம் ஏன் கேட்க வேண்டும், அவர்களே கூப்பிடட்டும்! “ரெண்டு கூப்பன் குடுத்திருக்காங்க அத்தை. யார்கூட வேணும்னாலும் போயிட்டு வாங்க” என்றாள்.

“அப்படியா? அப்ப குட்டியைக் கூட்டிட்டுப் போறேன். பிள்ளை பொறந்ததுலேர்ந்து பாவம், அவ எங்கேயும் போகலை.”

அன்றைக்குச் சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன.

மறுநாள் கூப்பனை மாற்ற கவுண்டரில் நின்றபோது இவளுக்குப் புத்தி குறுக்கே ஓடியது. மூன்று அரங்கு, மூன்று படம். ஒன்று குடும்பப் படம், ஒன்று கார்ட்டூன். மூன்றாவது பேய்ப் படம். பதினெட்டு வயதுக்குக் கீழே கைக்குழந்தைக்குக்கூட அனுமதி கிடையாது. சின்னவளின் மகனோ இடுப்பை விட்டு இறங்காதவன். பிள்ளையோடு வருகிறவள் வாசலோடு திரும்புவாள். காலி சீட்டில் யார் உட்காருவது? வேறு யார்! தன் வேலை முடிகிற நேரத்து ஆட்டமாகப் பார்த்து இரண்டு டிக்கெட் எடுத்தாள். “கூப்பன் இந்தப் படத்துக்குத்தான் செல்லுமாம் அத்தை” என்று வாய் கூசாமல் ஒரு பொய்யும் சொன்னாள். பிள்ளை விஷயத்தை மூச்சு விடவில்லை.

நினைத்தபடியே நடந்தது. மாமியார் பவுடர் பூசி, சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்னவள் இடுப்பில் பிள்ளை.

“பிள்ளைக்கு அனுமதி இல்லை” என்றாள் இவள், வாசல் குரலில்.

“மடியிலேயே தூங்கிடுவான் அக்கா.”

“நான் என்ன பண்றது? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

சின்னவள் முகம் வாடிப்போனது. “சரி அத்தை, நீங்க பாருங்க. நான் வீட்டுக்குப் போறேன்.”

மாமியார் இவள் பக்கம் திரும்பினாள். “இவளே, உனக்கு எப்ப வேலை முடியுது?”

இவள் அவசரமாக அடையாள அட்டையைக் கழற்றினாள். “இதோ, முடிஞ்சிடுச்சு அத்தை!”

“நல்லதாப் போச்சு. அப்ப பிள்ளையை நீ வெச்சுக்கோ. குட்டி, வா வா, படம் போட்டுடப் போறான்.”

தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்! தன் கையாலேயே இரண்டு டிக்கெட்டையும் கிழித்து உள்ளே அனுப்பினாள். அப்புறம் வெளியே சோபாவில் உட்கார்ந்தாள். பிள்ளை இவளுடைய அடையாள அட்டையைச் சப்பித் தீர்த்துவிட்டு, அம்மாவைக் கேட்டு ஊரைக் கூட்டியது. “உனக்குப் பதினெட்டு ஆச்சாடா?” என்று கேட்டாள். அதற்கும் அழுதது. உள்ளே ஜனங்கள் அலறுகிற சத்தம் வரும்போதெல்லாம், இப்போது அத்தை அவள் கையைப் பிடித்திருப்பாள் என்று இவள் மனசு கணக்குப் போட்டது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன பிரயோஜனம்?

இடைவேளையில் சின்னவள் வெளிறிப்போய் ஓடி வந்தாள்.

“அக்கா, சத்தியமா என்னால முடியாது. நான் கண்ணையே திறக்கலை. அத்தைதான் கையைப் பிடிச்சுக்கிட்டு, பயப்படாதே பயப்படாதேன்னு சொல்லிட்டே இருந்தாங்க. மீதியை நீங்க பாருங்க.” பாதி டிக்கெட்டை இவள் கையில் திணித்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

இவள் உள்ளே போவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். டார்ச் இல்லாமலே இவளுக்கு வழி தெரியும். போய் உட்கார்ந்தாள். மாமியார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“வந்துட்டியா?”

“ம்.”

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கதவு தானாகத் திறந்தது. அரங்கமே வீலென்று கத்தியது. மாமியாரின் கை இருட்டில் துழாவி வந்து இவள் கையைப் பொத்திக்கொண்டது.

“பயப்படாதே குட்டி. நான் இருக்கேன்ல?”

நான்தான் அத்தை, பெரியவள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தக் கை விலகிவிடும். இவளும் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரமாக வாசலில் நின்று எட்டிப் பார்த்த படம். எந்த இடத்தில் பேய் வரும் என்று இவளுக்கு மனப்பாடம். அடுத்தது வருவதற்குள் பயந்தவள் மாதிரி அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டாள்.