முடிந்ததா, நின்றதா

ஓய்வு பெற்ற பிறகு திருத்தணியில் ஒரு நெசவாளர் சங்கத்துக்குக் கௌரவ ஆலோசகரானேன். சம்பளம் கிடையாது, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி உண்டு.

அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தறிகளுக்கு மறுநாள் என்ன நூல் வேண்டும் என்ற விவரம் மாலை நான்கு மணிக்குள் சங்கக் கணினிக்கு வந்துவிடும். கணினி அதைச் சரிபார்த்து, ஒரே பட்டியலாக்கி, நூல் கிடங்குக்கு அனுப்பும். எட்டு மணிக்குள் போகாவிட்டால் மறுநாள் தறிகள் சும்மா நிற்கும். சில நாள் அரை மணியில் முடியும். சில நாள் இரண்டு மணி நேரம் இழுக்கும். அதுவரை எங்கள் எழுத்தர் அம்மாள் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தரைப் பேருந்து போய்விடும். பள்ளிப்பட்டில் அவருடைய மூன்று வயது மகள் பக்கத்து வீட்டிலேயே தூங்கிவிடுவாள்.

அந்த மென்பொருளின் கையேட்டை அதுவரை யாரும் திறந்ததில்லை. நான் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். வேலை முடிந்தாலும் இடையில் நின்றாலும் கைப்பேசிக்குத் தானாகச் செய்தி அனுப்பும் வசதி அதில் இருந்தது. வாசகத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். எழுதினேன்: “அம்மையீர், பொருள்: நூல் பட்டியல் தயாரித்தல், தொடர்பாக. தங்களின் மேலான கவனத்திற்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்...” தகவலுக்காக எனக்கு ஒரு நகல்.

முதல் நாள் அவர் சந்தோஷமாக ஐந்தரைப் பேருந்துக்கே கிளம்பினார். ஆறு மணிக்கு நகல் வந்தது. கடைசி வரியில், பட்டியல் நின்றுவிட்டது என்று இருந்தது. நகல் பெற்றவர் நடவடிக்கை எடுக்கும் வழக்கத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. ஏழு மணி வரை காத்திருந்துவிட்டு அவரை அழைத்தேன்.

“நடவடிக்கை எடுத்தாயிற்றா அம்மா?”

“என்னா நடவடிக்கை சார்? பாப்பாவுக்கு சோறு ஊட்டிகினு இருக்கேன்.”

“செய்தி வந்ததே?”

“ஆங், வந்திச்சி. பஸ்ல நின்னுகினு பாத்தேன். அம்மையீர்னு இருந்திச்சி. சரி, முடிஞ்சிச்சினு நெனச்சேன்.”

மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு, என் வயதுக்கு ஒவ்வாத வேகத்தில் அடுத்த தெருவிலிருந்த சங்கத்துக்குப் போனேன். ஒரு வரியில் தறி எண் விடுபட்டிருந்தது. அவர் தொலைபேசியில் நினைவிலிருந்து சொல்ல, நான் கணினியில் அடித்தேன். எட்டுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது பட்டியல் போயிற்று.

மறுநாள் காலை அவர் சொன்னார்: “வேணாம் சார், நானே உக்காந்து வட்டத்தப் பாத்துக்கறேன். உங்க லெட்டர படிக்கறதுக்கு அதுவே மேலு.”

“ஒரே ஒரு நாள் பாருங்கள் அம்மா.”

“அப்ப மொதல்ல முடிஞ்சிச்சா நின்னுச்சா, அத சொல்லுங்க. மரியாதைய பொறவு நேர்ல வெச்சிக்கலாம்.”

என் வாசகத்தை நானே அடித்துத் திருத்தினேன். நிற்கும்போது வரும் செய்தி, பெறுநராக எனக்கே வரும்படி மாற்றினேன். அன்றும் அது நின்றது. “நின்றது. வரிசை 42. தறி எண் இல்லை.” குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ச் சரிசெய்தேன். சற்று நேரத்தில் இருவருக்கும் வந்தது: “முடிந்தது.”

பேருந்திலிருந்து அழைத்தார். “பாத்துட்டேன் சார். சீட்டும் கெடச்சிது. பாப்பா தூங்கறதுக்குள்ள போய் அவள கூட்டிகினு கடைக்குப் போறேன்.”

நான் வீட்டுக்குத் திரும்பி வேறு காப்பி கேட்டேன்.