வட்டம் விழுந்த சிவப்புத் துணி

மாடிப்படிக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே மூன்றாம் மாடிக் கதவருகே வந்ததும் எவால்ட் பிராண்டிஸின் காது நீண்டுவிடும். கை ஒப்புக்கு அசையும். உள்ளே எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணி, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, நோட்டில் எழுதுவார். பெர்லினிலேயே பளபளப்பான கைப்பிடி எங்களுடையதுதான்.

கட்டடத்துக்கு அவர் பொறுப்பாளர். நாஜிகள் காலத்தில், யார் வெளிநாட்டு வானொலி கேட்கிறார்கள் என்று எழுதினார். நாற்பத்தைந்து மே மாதம் ரஷ்யர்கள் வந்ததும், யார் யார் நாஜிகள் என்று எழுதிக் கொடுத்தார். ஜூலையில் தெருவில் எங்கள் பக்கத்து வீட்டுச்சாரி அமெரிக்கர்கள் கைக்கு வந்தது. எதிர்ச்சாரி ரஷ்யர்களிடமே நின்றது. உடனே, யார் ரஷ்யர்களோடு சிரித்துப் பேசினார்கள் என்று எழுத ஆரம்பித்தார். இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் தெருமுனையில் தோளில் கை போட்டுக்கொண்டு சிகரெட் மாற்றிக்கொண்ட நாட்கள் அவை. அவர்கள் முறைத்துக்கொள்ள மூன்று வருஷம் ஆயிற்று. பிராண்டிஸுக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது.

"ரெண்டு பெரிய நாட்டுக்குள்ள ஆகாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்பார். அவர்கள் ஒத்துப்போயிருந்தால் இவர் பிழைப்பு என்னாவது?

ரஷ்யர்களை வரவேற்கத் தெரு முழுக்கச் செங்கொடி தொங்கவிட்டோம். துணிக்கு எங்கே போவது? நாஜிக் கொடியில் ஸ்வஸ்திகா போட்ட வெள்ளை வட்டத்தைப் பிரித்தெடுத்தால் மிச்சம் சிவப்பு. ஆனால் வருஷக்கணக்கான வெயிலில் கொடி வெளுத்திருக்க, வட்டம் இருந்த இடம் மட்டும் புதுச் சிவப்பாக நின்றது. ஒரு ரஷ்யச் சிப்பாய் அதைக் காட்டிக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் ஜன்னலிலும் ஒன்று தொங்கியது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பிராண்டிஸுக்கு அந்த வியாதி வந்ததே இல்லை.

இந்த நாற்பத்தெட்டு ஜூனில் ரஷ்யர்கள் நகரத்துக்கு வரும் சாலைகளை அடைத்தார்கள். அமெரிக்கர்கள் விமானத்தில் மாவு கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த வாரமே பிராண்டிஸ் தன் பழைய சிவப்புத் துணியோடு மூன்றாம் மாடி வில்மாவிடம் வந்து நின்றார். வில்மா அமெரிக்க முகாமில் துணி தைப்பவள். அங்கே போடும் மதியச் சாப்பாட்டில் பாதியை மகளுக்கு மூடி எடுத்து வருபவள். கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுக்க நானும் அங்கே வந்திருந்தேன்.

"ஏம்மா வில்மா, ஜூலை நாலு அமெரிக்காக்காரனுக்குத் திருநாளு. இதுல ஒரு அமெரிக்கக் கொடி தைச்சுக் குடு."

"நூலு இல்லீங்க."

"எதிர்ச்சாரியிலேர்ந்து உன் தம்பி ஞாயித்துக்கிழமை தவறாம வர்றான்ல?" நோட்டை விரலால் தட்டினார். "முகாம்ல தெரிஞ்சா உன் வேலை நிக்குமா?"

"அடுப்புக்குக் கரி குடுக்கத்தாங்க அவன் வர்றான்!"

"அதைத்தான் எழுதியிருக்கேன். கொடி நல்லா வரட்டும், அந்தத் தாளைக் கிழிச்சிடறேன். நான் என்ன அரக்கனா?"

தன் மேல்சட்டையின் தையலைப் பிரித்து நூல் எடுத்தாள் வில்மா. துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, இடையிடையே படுக்கை விரிப்பின் வெள்ளையை வைத்து, மூலைக்கு ஒரு நீலத் துண்டும் சேர்த்துத் தைத்தாள். மூன்றாம் தேதி கொடியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது துணைக்கு என்னையும் கூப்பிட்டாள்.

"வட்டம் இன்னும் தெரியுதுங்க" என்றாள்.

"தூரத்திலேர்ந்து பாக்கறவனுக்கு என்ன தெரியப்போவுது?"

வில்மா நகரவில்லை. "அந்தத் தாளு?"

"நான் சொன்ன சொல் மாறினதே இல்லை" என்றபடி நோட்டிலிருந்து தாளைக் கிழித்தார். வில்மா கையை நீட்டினாள். பிராண்டிஸ் குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே ஸ்வஸ்திகா போட்ட அந்த வெள்ளை வட்டம், ஒரு சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு வைத்திருந்தது. தாளை நான்காக மடித்து, அதன் மேல் வைத்து, பெட்டியைப் பூட்டினார்.