சேவூரிலிருந்து போன குரல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து, எந்த விமானம் ஓடுபாதையில் ஏறலாம், எது நிற்க வேண்டும் என்று ரேடியோவில் சொல்வது என் வேலை. நாங்கள் சொன்னதை பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரணிக்காரியான எனக்கு இது புதிதில்லை, எங்கள் தறிக் கொட்டகையிலும் "ஓட்டு" என்றால், "ஓட்டுறேன்" என்று கத்திய பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்கள். எங்கள் கோபுரத்து ரேடியோ மாதக்கணக்கில் கரகரத்துக்கொண்டிருந்தது. நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கம்மா" என்றார் மேலதிகாரி. எதை அட்ஜஸ்ட் பண்ணுவது? விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் மனுஷர்கள் இல்லையா?

அந்த வயிற்றெரிச்சலோடுதான் லீவில், ஆரணி பக்கத்தில் இருக்கிற எங்கள் சேவூருக்கு வந்தேன். காலை பதினோரு மணி இருக்கும், அண்ணனின் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்துக்கு மேலே நான் அந்த மேலதிகாரியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கரண்ட் போனது. தறிகள் ஒரேயடியாக நின்றன. அந்த அமைதியில், நம்பினால் நம்புங்கள், பக்கத்தில் நின்று பேசுவது போல ஒரு பைலட்டின் குரல். விமானத்தின் எண்ணைச் சொல்லி, ஓடுபாதையைக் கடக்கிறேன் என்றார். ஏனென்று தெரியாது, அதே எண்ணைச் சொல்லி, "ஹோல்ட் பொசிஷன்!" என்று கத்தினேன். இருந்த இடத்திலேயே நில் என்று அர்த்தம். "ஹோல்டிங் பொசிஷன்" என்று பதில் வந்தது, ஒரு கரகரப்பு இல்லாமல்.

அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "யார்கிட்டம்மா பேசிகினு கீறே?"

அவருக்குக் கேட்டது என் குரல் மட்டும்தான்.

லீவு முடிந்து போனதும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்று அதே பதினோரு மணிக்கு, ஒரு விமானத்தை ஓடுபாதையைக் கடக்கச் சொன்ன என் சக ஊழியர், இன்னொன்று இறங்க வருவதைப் பார்த்துப் பதறி, முதல் விமானத்தை நிற்கச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதெல்லாம் இரைச்சலில் போய்விட்டது. ஆனாலும் அந்த விமானம் ஓடுபாதைக்கு முன்னால் போட்ட கோட்டருகிலேயே நின்றுவிட்டது. கோபுரத்து ரேடியோ பேச்சின் பதிவில் அதை நிறுத்தியது என் குரல்.

"லீவுல இருக்கிறவங்க எப்படி மைக்கைத் தொட்டீங்க?" மேலதிகாரி கேட்டது இதைத்தான். ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்த ஆத்திரத்தில் மேசையைத் தட்டி, முழுப் பதிவையும் போடுங்கள் என்றேன். போட்டார்கள். என் குரல், பைலட்டின் பதில், அப்புறம் கொஞ்சம் தள்ளி ஓர் ஆணின் குரல்.

"யார்கிட்டம்மா பேசிகினு கீறே?"

மேலதிகாரி பதிவை அணைத்துவிட்டு, இது வெளியே போகக் கூடாது என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அந்த ரேடியோவை இன்னும் மாற்றவில்லை. இப்போது லீவில் வந்தால், கரண்ட் போகிறபோதெல்லாம் ஓடிப்போய்க் கொட்டகையில் நிற்கிறேன், யாரையும் பேச விடுவதில்லை.